கூப் குழந்தைகளின் சர்ஜனா, சிகரெட்டை எதிர்த்த தாடிக்காரரா?

பிப்ரவரி 25, காலை (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க சர்ஜன் சி. எவரெட் கூப் 2013இல் இதே நாளில் இறந்தார். காலையிலிருந்து இரண்டு குழுக்களில் அவர் படம் ஓடுகிறது, கீழே "குழந்தை அறுவைச் சிகிச்சையின் தந்தை" என்று பட்டம். எனக்கு உடன்பாடில்லை. தந்தை என்றால் பாஸ்டன் குழந்தைகள் சர்ஜன் வில்லியம் லாட். துணிச்சல் என்றால் அவரிடம் வேலை பார்த்த ராபர்ட் கிராஸ். கூப் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரியாக இருந்து சிகரெட்டை எதிர்த்தவர், எய்ட்ஸ் பற்றி வாய் திறந்தவர். அந்தப் புகழில் பழைய வேலையையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். குடல் முறுக்குக்கு லாட் பேரில் ஒரு ஆபரேஷன் இருக்கிறது. பித்தநாள அடைப்புக்கு ஜப்பானின் கசாய் பேரில் ஒன்று இருக்கிறது. கூப் ஆபரேஷன் என்று ஒன்று உண்டா? மறுப்பவர்கள் சொல்லுங்கள். நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பிப்ரவரி 25, மதியம்

மறுக்கிறேன். பேர் வைத்த ஆபரேஷன் இருந்தால்தான் முன்னோடி என்பது பரீட்சைக்குப் படிப்பவர்களின் கணக்கு. நான் குழந்தைகள் அறுவைப் பிரிவில் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். தியேட்டரிலும் வார்டிலும் மாறி மாறி வேலை. அங்கே பார்த்தது வேறு. ஆபரேஷன் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் அதற்குப் பிறகு வரும் ராத்திரிகளில்தான் இருக்கிறது. அந்த ராத்திரிகளுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நினைத்த சர்ஜன்களில் கூப் முன்வரிசை ஆள். மீதியை இரவு எழுதுகிறேன், அடுப்பில் குழம்பு.

பிப்ரவரி 25, இரவு

கூப் பிறந்தது 1916, நியூயார்க்கின் புரூக்ளின். சின்ன வயதிலேயே சர்ஜன் ஆசை. வீட்டு நிலவறையில் தெருப் பூனை, முயல், எலிகளுக்கு ஆபரேஷன் செய்வாராம், மயக்க மருந்து கொடுத்தது அவருடைய அம்மா! (நம் வீட்டில் தவளை பிடித்து வந்தாலே விளக்குமாறு பறக்கும்.) 1941இல் கார்னெலில் டாக்டர் பட்டம், பிறகு ஃபிலடெல்பியாவில் பயிற்சி. 1946இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சில மாதங்கள் அனுப்பப்பட்டார். ஆக, நீங்கள் சொல்லும் லாட்டும் கிராஸும் வளர்த்த இடத்தில் கற்றுக்கொண்டு திரும்பியவர்தான். அதை அவரும் மறைத்ததில்லை.

முப்பது வயதைத் தாண்டியும் தாண்டாமலும் ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை சர்ஜன். 1981 வரை அதே நாற்காலி. அந்த ஆஸ்பத்திரி 1855இல் தொடங்கியது, குழந்தைகளுக்கென்றே அமெரிக்காவில் வந்த முதல் ஆஸ்பத்திரி. ஆனாலும் 1940களில் குழந்தைகளுக்கு மட்டும் அறுவை செய்யும் சர்ஜன்களை நாடு முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரியவர்களுக்குச் செய்பவரே வந்து, அதே கத்தியால், கொஞ்சம் சின்னதாக வெட்டிவிட்டுப் போவார். தனிப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம்.

மயக்க மருந்துதான் பெரிய பயம். முகத்தில் துணி வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறை. பிறந்த குழந்தைக்கு அளவு கொஞ்சம் தப்பினாலும் மூச்சு நின்றுவிடும். அங்கே மார்ஜரி டெமிங் என்ற மயக்க மருந்து டாக்டர் இருந்தார். பச்சிளங் குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, மூச்சைத் தன் கையில் வைத்துக்கொண்டு மயக்கம் கொடுப்பதை அங்கே பழக்கமாக்கியவர்களில் முக்கியமானவர். கூப்புக்கு அவர் கிடைத்தது பாதி அதிர்ஷ்டம் என்பேன். மீதிப் பாதி, அவர் சொன்னதைக் கூப் கேட்டது. மயக்க மருந்து டாக்டர் "நிறுத்துங்கள்" என்றால் கையை எடுக்காத சர்ஜன்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, காலை

"ஓய்வு பெற்ற சிஸ்டர் வந்து அமெரிக்காக்காரருக்கு வக்காலத்தா" என்று ஒருவர். ஆமாம், வக்காலத்துதான். மேலே படியுங்கள்.

பிப்ரவரி 26, மாலை

தம்பி கேட்டதற்கு ஒரு நோயை வைத்துப் பதில் சொல்கிறேன். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே உணவுக்குழாய் பாதியில் மூடியிருக்கும். கீழ்ப்பாதி பெரும்பாலும் மூச்சுக்குழாயில் போய்ச் சேர்ந்திருக்கும். குடித்த பால் வயிற்றுக்குப் போகாது, எச்சிலும் போகாது. வாயில் நுரை தள்ளும். முதல் வாய்ப் பால் கொடுத்ததும் இருமி நீலமாகும். வயிற்று அமிலம் கீழிருந்து நுரையீரலுக்கு ஏறும். 1939 வரை இப்படிப் பிறந்த ஒரு குழந்தையும் அறுவையால் பிழைத்ததில்லை. அந்த வருஷம் லாட்டும், மினசோட்டாவில் லெவனும் பல கட்டமாகச் செய்து தலா ஒருவரைப் பிழைக்க வைத்தார்கள். 1941இல் மிச்சிகனில் கேமரன் ஹைட் ஒரே ஆபரேஷனில் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அந்தக் குழந்தை பிழைத்தது.

அதாவது கூப் பொறுப்புக்கு வரும்போது வழி தெரிந்திருந்தது. ஆனால் வழி தெரிந்ததாலேயே குழந்தைகள் பிழைத்துவிடவில்லை. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 250 மில்லி சொச்சம், ஒரு பெரிய டம்ளர். தியேட்டரில் பஞ்சில் உறிஞ்சிய ரத்தத்தை நிறுத்துப் பார்ப்போம், கண் அளவு பத்தாது. உடம்பு குளிர்ந்தால் முடிந்தது கதை. கை, கால், தலை எல்லாவற்றிலும் பஞ்சு ரோல் சுற்றி, ஆபரேஷன் செய்யும் இடத்தை மட்டும் திறந்து வைத்துத்தான் டேபிளில் கிடத்துவோம். டிரிப்பில் சொட்டு கூடினால் நுரையீரல் நனையும், குறைந்தால் சிறுநீர் நிற்கும். இதையெல்லாம் ஒரே இடத்தில், ஒரே குழு, ராத்திரி பகலாகப் பார்க்க வேண்டும் என்று கூப் 1956இல் பிறந்த குழந்தைகளுக்கென்று அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். "கூப் ஆபரேஷன் எங்கே" என்று கேட்டீர்களே, இதுதான். ஒரு அறை. அதில் பழகிய நர்சுகள்.

பிப்ரவரி 26, இரவு

"உலகிலேயே முதல் பிரிவு" என்று கீழே ஒருவர் சேர்த்திருக்கிறார். இல்லை. அமெரிக்காவில் முதல். இங்கிலாந்தில் லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில் இசபெல்லா ஃபோர்ஷாலும் பீட்டர் பால் ரிக்கமும் 1953இலேயே தொடங்கிவிட்டார்கள். ரிக்கம் பெர்லினில் பிறந்தவர். ஃபோர்ஷால் பெண் சர்ஜன், அந்தக் காலத்தில். அவரைப் பற்றித் தனி இழையே போடலாம், யாரும் போடவில்லை. கூப்புக்கு மாலை போடும்போது லிவர்பூலைத் தள்ளிவிட வேண்டாம்.

பிப்ரவரி 27

கிராஸுக்கும் நியாயம் செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி விடமாட்டார்.

1938 ஆகஸ்ட் 26. ஏழு வயதுப் பெண் குழந்தை. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக் குழாய் ஒன்று, இதயத்துக்குப் பக்கத்தில், மூடாமல் இருந்தது. கிராஸுக்கு 33 வயது, இன்னும் பயிற்சி நிலையில்தான் இருந்தார். தலைவர் லாட் விடுமுறையில் வெளிநாடு போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மார்பைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டிவிட்டார். குழந்தை பிழைத்து, வளர்ந்து, முதுமையும் கண்டார். பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை என்ற துறையே அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். லாட்டுக்கும் அவருக்கும் அப்புறம் சரிப்பட்டு வரவில்லை. இன்னொன்று, கிராஸுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை சரியில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை நுணுக்கமான வேலையும்.

துணிச்சலில் கிராஸ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைவர் இல்லாத நேரம் பார்த்துச் செய்த காரியம், குழந்தை இறந்திருந்தால் இன்று அவரை என்ன சொல்லியிருப்போம்? எங்கள் வார்டில் ஒரு ஜூனியர் அப்படிச் செய்திருந்தால் நானே தியேட்டர் சாவியை ஒளித்து வைத்திருப்பேன்.

பிப்ரவரி 28

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "நர்சுகள் என்ன செய்துவிடப் போகிறீர்கள், டாக்டர் சொன்னதைத்தானே" என்று ஒரு பதில். பேர் போடவில்லை, தைரியசாலி.

ஒன்று சொல்கிறேன். பிரசவ வார்டில் ஒரு ஆயாம்மா இருந்தார். படிப்பு இல்லை. ஒரு நாள் விடியற்காலை, பிறந்து கொஞ்ச நேரமே ஆன குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்து, "சிஸ்டர், துடைக்கத் துடைக்க நுரை வருது, இது சரியில்லே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வாய் வழியாக ரப்பர் டியூபை விட்டார். பத்து சென்டிமீட்டர் சுமாரில் நின்றுவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. அதுதான் சோதனை. எக்ஸ்ரே எல்லாம் பிறகு. தலையைத் தூக்கி வைத்து, மேல் பையில் தேங்கும் எச்சிலை உறிஞ்சிக்கொண்டே அறுவைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். பால் ஊட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தால் நுரையீரலில் சளி கட்டி, ஆபரேஷன் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போயிருக்கும்.

அப்புறம் ஆபரேஷனுக்குப் பிந்தைய ராத்திரி. தையல் போட்ட இடம் தொண்டைக்குக் கொஞ்சம் கீழேதான். சளி உறிஞ்சும் டியூபை ஆழமாக விட்டால் தையல் பிரியும். விடாவிட்டால் மூச்சடைக்கும். எங்களுக்கு மூத்த சிஸ்டர் ஒரு வேலை சொல்லிக்கொடுத்தார். சர்ஜனிடம் அளவு கேட்டு, அந்த அளவில் டியூபில் பிளாஸ்டர் ஒட்டிவிடு, பிளாஸ்டர் உதட்டைத் தொட்டதும் நிறுத்து. ஒட்டிய டியூபைத் தொட்டிலின் தலைமாட்டிலேயே தொங்கவிடு, அடுத்த ஷிஃப்ட் தேட வேண்டாம். கழுத்தைப் பின்னால் வளைக்காதே. இவ்வளவுதான் பாடம். எந்தப் புத்தகத்தில் யார் பேரில் இருக்கிறது இது?

மார்ச் 1

எண்ணிக்கை கேட்டவருக்கு. கூப் பேரில் சொல்லப்படும் ஆபரேஷன்கள்: உணவுக்குழாய் அடைப்பு 475, குடலிறக்கம் 17,000க்கு மேல், பைக்குள் இறங்காத விதை 7,000க்கு மேல்.

475ஐ நம்புகிறேன். 17,000தான் எனக்கு இடிக்கிறது. சுமார் 35 வருஷம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய 485. குடலிறக்கம் மட்டும். நடுவே ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பிரிப்பது, புற்றுநோய், பயணம், மாணவர்களுக்குப் பாடம், 1966இல் தொடங்கிய குழந்தை அறுவை இதழுக்கு ஆசிரியர் வேலை. ஒரே ஆளின் கை என்று நான் நம்பவில்லை, அது ஒரு துறையின் கை. எங்கள் ஊரிலும் தலைவர் பேரில்தான் கேஸ் ஷீட் இருக்கும், தைத்தது மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. பையனாக இருப்பான்.

குடலிறக்கம் என்றதும் கிளாஸ்கோவின் ஜேம்ஸ் நிக்கல் ஞாபகம் வருகிறது. 1909இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பத்து வருஷத்தில் 8,988 அறுவைகள், பெரும்பாலும் குழந்தைகள், எல்லாம் படுக்கையில் சேர்க்காமல் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவை. தாயின் கையைவிட நல்ல படுக்கை கிடையாது என்பது அவர் கட்சி. அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, நர்சுகள் வீடு வீடாகப் போய்க் காயத்தைப் பார்த்தார்கள். 1909! இன்று "டே கேர் சர்ஜரி" என்று பளபளவென்று போர்டு வைத்துக் கட்டணமும் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வரும் நர்சைத்தான் காணோம்.

மார்ச் 2

இல்லை, கூப்பின் தாடி தியேட்டரில் முகமூடிக்குள் எப்படி அடங்கியது என்று எனக்குத் தெரியாது. அடுத்த கேள்வி.

மார்ச் 3

தலையில் நீர் கோத்த குழந்தைகள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கூப்பின் ஆஸ்பத்திரியில் அப்போது யூஜின் ஸ்பிட்ஸ் என்ற நரம்பு சர்ஜன். மூளையில் தேங்கும் நீரைக் குழாய் வைத்து ரத்தக் குழாய்க்குள் இறக்கப் பார்த்தார்கள். நீர் இறங்கும், ஆனால் ரத்தம் திரும்ப ஏறிக் குழாய் அடைத்துக்கொள்ளும். 1955 கடைசியில் ஜான் ஹோல்டர் என்பவருக்கு அந்த நோயோடு ஆண் குழந்தை பிறந்தது. ஹோல்டர் டாக்டர் இல்லை, பூட்டு செய்யும் கம்பெனியில் தொழில்நுட்பக்காரர். குழந்தைக்கு என்ன பிரச்சினை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரே பக்கம் மட்டும் திறக்கும் வால்வு ஒன்றைத் தானே வடிவமைத்தார். சிலிகோன் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1956இல் அந்த வால்வு குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது. அவர் பையன் சில வருஷங்களில் இறந்துபோனான். வால்வு உலகம் முழுக்கப் போனது.

வார்டில் ஷண்ட் (அந்த நீர் இறக்கும் குழாய்) வைத்த குழந்தைகளின் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஒருவர், லேத் பட்டறைக்காரர், வால்வைக் கையில் கொடுங்கள் பார்க்கலாம் என்று கேட்டார். கொடுக்கவில்லை, ஸ்டெரைல் பாக்கெட்.

மார்ச் 4

இதை எழுதலாமா என்று தயங்கினேன். கூப்பைப் பற்றிப் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போவது சரியில்லை.

ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பிரிப்பதில் கூப் பேர் போனவர். 1957இல் ஒரு ஜோடி, 1974இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த ஜோடி, இரண்டிலும் இரு குழந்தைகளும் தனித்தனியாக வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது 1977 அக்டோபர். நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஆசாரமான யூதக் குடும்பம். இரண்டு பெண் குழந்தைகள், மார்போடு மார்பு ஒட்டி, இதயம் ஒன்றோடொன்று கலந்து, மொத்தம் ஆறு அறைகள். அப்படியே விட்டால் இரண்டும் போகும். பிரித்தால் ஒன்றுக்கு மட்டும்தான் இதயம். மற்றொன்றைக் கொன்றுதான் ஆக வேண்டும், வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

கருக்கலைப்பைக் கடைசிவரை எதிர்த்த மனுஷன் கூப். தீவிர கிறிஸ்தவர். அவர் கையில்தான் இது வந்தது. பெற்றோர் தங்கள் மத குரு, ரபி மோஷே ஃபைன்ஸ்டைனிடம் கேட்டார்கள். அவர் நாள் கணக்கில் விசாரித்து, யோசித்து, சம்மதம் சொன்னார். ஆஸ்பத்திரி நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்கியது. பணியில் இருந்த கத்தோலிக்க நர்சுகள் தங்கள் பாதிரியார்களிடம் கேட்டார்கள். ஆபரேஷன் நடந்தது. பிழைக்க வைத்த குழந்தையும் ஒன்றரை மாதம் போலத்தான் இருந்தது.

எனக்கு இதில் சர்ஜன் கண்ணுக்குத் தெரிவதில்லை, அந்த நர்சுகள்தான் தெரிகிறார்கள். பெற்றோர் முடிவெடுத்தார்கள், ரபி முடிவெடுத்தார், நீதிபதிகள் முடிவெடுத்தார்கள், கூப் முடிவெடுத்தார். அந்த இரண்டு குழந்தைகளையும் அதுவரை குளிப்பாட்டி, ஊட்டி, டயப்பர் மாற்றியவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. ஆனால் பாதிரியாரிடம் போய்க் கேட்கும் அளவுக்கு அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். நான் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பேன்? பல ஊர்க் குழந்தைகளைப் பார்த்தவள், தைரியசாலி என்று பேர் வாங்கியவள். பதில் இல்லை.

தம்பி, உங்களுக்கு இது மெடிக்கல் எதிக்ஸ் பாடத்தில் வரும். நர்சுகளை அதில் போட்டிருக்கிறார்களா பார்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் 5, காலை

நேற்று எழுதியதை ராத்திரி திரும்பப் படித்தேன். கூப்பை ரொம்பக் கல்லாகக் காட்டிவிட்டதோ என்று தோன்றியது. அவர் மகன் டேவிட் 1968இல் நியூ ஹாம்ப்ஷயரில் மலையேறும்போது விழுந்து இறந்தார். கல்லூரி மாணவர், இருபது வயது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இனி நன்றாக ஆறுதல் சொல்ல முடியும் என்று கூப் நினைத்தாராம். நடந்தது நேர்மாறு. அப்படிப்பட்ட பெற்றோர் முன்னால் நிற்கவே ரொம்ப நாள் கஷ்டப்பட்டார் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எனக்கு அது புரிகிறது. வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு வார்டில் அழும் அம்மாவின் தோளைத் தொட என்னாலும் கொஞ்ச காலம் முடியவில்லை. டிரேயைத் துடைத்துக்கொண்டே நிற்பேன்.

மார்ச் 5, மாலை

1982 இந்தியானா விஷயம் கேட்டவருக்கு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ப்ளூமிங்டன் ஊர். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆண் குழந்தை, கூடவே உணவுக்குழாய் அடைப்பு. பெற்றோர் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றமும் அவர்கள் பக்கம். பால் இல்லாமல் ஆறு நாளில் போய்விட்டது. கூப் அப்போது சர்ஜன் ஜெனரல். தன் கையால் நூற்றுக்கணக்கில் சரி செய்த அதே கோளாறு. சும்மா இருப்பாரா? ஊனத்தோடு பிறந்த குழந்தைக்குச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று ரீகன் ஆட்சி கொண்டுவந்த விதிகளுக்குத் துணை நின்றார். விதிகளை உச்ச நீதிமன்றம் 1986இல் அடித்துவிட்டது, ஆனால் அதே நோக்கத்தில் 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டத் திருத்தம் நின்றது.

அரசாங்கம் ஆஸ்பத்திரிக்குள் நுழையலாமா என்று சண்டை போடுங்கள், நியாயமான சண்டை. கூப்பின் நிலையும் எல்லா இடத்திலும் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் "டவுன் குழந்தைதானே" என்ற பேச்சை நான் வார்டில் நேரில் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள் வாயிலிருந்து. அந்த ஒரு இடத்தில் கூப் பக்கம்தான் நிற்பேன்.

மார்ச் 7

சர்ஜன் ஜெனரல் காலம் எல்லோருக்கும் தெரிந்தது, வேகமாக முடிக்கிறேன். 1981இல் அதிபர் ரீகன் கூப்பின் பேரைச் சொன்னதும் எதிர்ப்பு. நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்துக்குத் தலைப்பே "டாக்டர் தகுதியற்றவர்" என்ற மாதிரி. நவம்பரில் செனட் 68க்கு 24 என்று ஒப்புதல் கொடுத்தது. வலதுசாரிகள் நம் ஆள் என்று நினைத்தார்கள். அவரோ 1986 எய்ட்ஸ் அறிக்கையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி வேண்டும், ஆணுறை வேண்டும் என்று எழுதினார். 1988இல் எய்ட்ஸ் பற்றிய சின்னப் புத்தகம் 10 கோடியே 70 லட்சம் வீடுகளுக்குத் தபாலில் போனது. நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று அதே வருஷம் அறிக்கை. கருக்கலைப்பு பெண்களின் மனதைக் கெடுக்கிறது என்று எழுதச் சொன்னபோது, ஆதாரம் போதாது என்று மறுத்தார். எதிர்ப்பாளரே மறுத்தது பெரிய விஷயம்.

தன் பேரில் இணையக் கம்பெனி தொடங்கி 1999இல் பங்கு விற்றதும், இரண்டு வருஷம் கழித்து அது திவாலானதும் அதே மனுஷன்தான். பேர் போட்ட ஆபரேஷன் இல்லை, பேர் போட்ட டாட் காம் இருந்தது. தம்பிக்குத் திருப்தியா?

மார்ச் 8

ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஐந்து மாதப் பையன், அழும்போது அடிவயிற்றின் ஓரத்தில் வீக்கம், வளர்ந்தால் சரியாகும் என்று மாமியார் சொல்கிறார்.

அம்மா, மாமியார் சொல்வது தொப்புள் வீக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். அது தானாகவே மூடும், காசு வைத்துக் கட்டவெல்லாம் வேண்டாம், தோல் புண்ணாகும். இடுப்பு மடிப்புப் பக்கம் வருவது வேறு. அது தானாகச் சரியாகாது, குடல் மாட்டிக்கொள்ளலாம். குழந்தைகள் சர்ஜனிடம் இந்த வாரமே காட்டுங்கள். வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை விடாமல் அழுது வாந்தி எடுத்தால் காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் கிளம்புங்கள். பால் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள், மணியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மயக்க மருந்துக்கு அது வேண்டும்.

மார்ச் 10

தம்பி எழுதியிருக்கிறார்: "சிஸ்டர், கூப்பை ஏற்கிறேன், ஆனால் முன்னோடி என்ற பட்டம் கிராஸுக்கும் லாட்டுக்கும்தான். கூப் நிர்வாகி."

நிர்வாகி என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் ரிப்பேராகி ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடந்தவள் நான், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. 1956இல் இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் வேண்டும், தனி அறை வேண்டும், பணம் கொடு என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது இதயக் குழாயைக் கட்டுவதைவிட லேசு என்று நினைக்கிறீர்களா? ஹவுஸ் சர்ஜன் ஆனதும் ஒரு எக்ஸ்ட்ரா சக்ஷன் மெஷின் கேட்டுப் பாருங்கள், அப்புறம் வந்து சொல்லுங்கள்.

சரி, பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 4இல் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. உங்கள் புத்தகத்தில் அந்த நர்சுகள் இருக்கிறார்களா, இல்லையா?